பனியன் துணியில் குறையா? முதலில் நூலைப் பிரித்துப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு லாட் துணி கெட்டுவிட்டால் முதலில் நடப்பது பஞ்சாயத்துதான். சாயப்பட்டறைக்காரர் நிட்டிங்கைக் கை காட்டுவார். நிட்டிங்காரர் நூலைக் கை காட்டுவார். மில்லிலிருந்து வருபவர் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும், அதனால்தான் பேச்சு முடிவதே இல்லை. ஆனால் பின்னல் துணியில் ஒரு வசதி உண்டு: அதை மறுபடி நூலாக உருவி எடுத்துவிடலாம். உருவிய நூலை அளந்து, எடை போட்டு, முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் குறை பஞ்சில் இருக்கிறதா, ஸ்பின்னிங்கில் வந்ததா, நிட்டிங்கில் வந்ததா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கீழே சொல்வதெல்லாம் 30-ஆம் கவுண்ட் பருத்தி நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சியை, அதாவது ஒரே வரிசை ஊசியில் பின்னும் சாதாரண பனியன் துணியை, மனதில் வைத்து. கவுண்ட் என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண், எண் கூடக் கூட நூல் மெலியும். மற்ற கவுண்டுக்கும் வழி இதேதான், எண்கள் மாறும். கைவசம் ஒரு ஊசி, ஸ்கேல், கறுப்பு அட்டை, லென்ஸ், மில்லிகிராம் காட்டும் தராசு, ஒரு யுவி டார்ச் இருந்தால் போதும்.

எதையும் பிரிப்பதற்கு முன் குறை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். நீளவாக்கில் ஒரே கோடாக ஓடினால் அது ஊசி அல்லது சிங்கர் (ஊசிகளுக்கு நடுவே பின்னல் வளையத்தைப் பிடித்துக்கொள்ளும் தகடு). நூலைச் சந்தேகப்படவே வேண்டாம், ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். குறுக்கே ஓடினால் நூல் அல்லது ஃபீடர் (ஊசிகளுக்கு நூல் ஊட்டும் இடம்). ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் பஞ்சு.

குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிகிறது

அதிகம் சண்டை நடப்பது இந்தக் குறைக்குத்தான். கிரே துணியில் (சாயமோ பிளீச்சோ ஏறாத துணி) கண்ணுக்கே தெரியாமல் இருந்து, சாயம் ஏறியதும் பளிச்சென்று வரும்.

முதலில் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே எத்தனை வரிசை என்று லென்ஸ் வைத்து எண்ணுங்கள். 30 இஞ்ச் விட்டமுள்ள மெஷினில் வழக்கமாக 90 ஃபீடர் இருக்கும். 90 வரிசைக்கு ஒருமுறை அதே பட்டை திரும்பினால் குற்றவாளி ஒரே ஒரு ஃபீடர், அல்லது அந்த ஃபீடரில் ஓடும் ஒரே ஒரு கோன் (நூல் சுற்றிய கூம்பு). மெஷின் இன்னும் அந்த லாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கோனை வேறு ஃபீடருக்கு மாற்றிப் போடுங்கள். பட்டை கோனோடு கூடவே போனால் நூல். இடம் மாறாமல் நின்றால் ஃபீடர். இதற்கு லேப் எதுவும் வேண்டாம், சில மீட்டர் துணி ஓட்டினால் போதும்.

மெஷின் வேறு லாட்டுக்கு மாறிவிட்டதென்றால் துணியை உருவ வேண்டியதுதான். சிங்கிள் ஜெர்சியைக் கடைசியாகப் பின்னிய முனையிலிருந்து உருவினால்தான் வரும், மறுபக்கத்திலிருந்து இழுத்தால் சிக்கும். பட்டை உள்ள வரிசையிலிருந்து ஒரு நூல், பக்கத்து நல்ல வரிசையிலிருந்து ஒரு நூல், இரண்டையும் ஒரே எண்ணிக்கை ஊசிக்கு எடுங்கள். அதே 30 இஞ்ச், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) மெஷினில் முழுச் சுற்றுக்குச் சுமார் 2,260 ஊசி. லூப் லெங்த், அதாவது ஒரு பின்னல் வளையத்துக்குப் போகும் நூல், 2.7 மி.மீ. என்றால் ஒரு சுற்று நூல் சுமார் 6 மீட்டர் வரும். உருவிய நூல் சுருள் சுருளாக நிற்கும். இரண்டின் நுனியிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு நேராக்கி அளங்கள். கையால் இழுத்து அளந்தால் கைக்குத் தகுந்த மாதிரி அளவு மாறும்.

நீளம் வேறுபட்டால் விஷயம் முடிந்தது. அந்த ஃபீடரில் நூல் போகும் அளவு மாறியிருக்கிறது, பெல்ட்டையும் டென்ஷனையும் பாருங்கள். மில்லுக்கு போன் போட வேண்டாம்.

நீளம் ஒன்றாக இருந்தால் எடை போடுங்கள். 30-ஆம் கவுண்ட் நூல் 6.1 மீட்டருக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் இருக்கும். ஒன்று 120, மற்றது 124 என்றால் அந்த இரண்டாவது நூல் 29-ஆம் கவுண்ட். காகிதத்தில் ஒரு எண்தான் வித்தியாசம், எடையில் 3 சதவீதத்துக்கு மேல். அது துணியில் பட்டையாக விழ இதுவே போதும். ஒரு எச்சரிக்கை: சாயமும் பிளீச்சும் ஏறிய நூலின் எடை கிரே நூலின் எடையிலிருந்து மாறிவிடும். அதனால் ஒரே துணியின் இரண்டு வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், ரிப்போர்ட்டில் உள்ள கவுண்டோடு ஒப்பிட்டு வாதாட வேண்டாம்.

நீளமும் எடையும் ஒன்றுதான், ஆனாலும் பட்டை இருக்கிறதா? அடுத்து முறுக்கு. ஓர் அங்குல நூலை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கைப் பிரித்து, எத்தனை திருப்பு என்று எண்ணுங்கள். ஒரே அங்குலத்தை நம்பாமல் பல இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். முறுக்கு கூடிய நூல் ஒல்லியாக, இறுக்கமாக இருக்கும், சாயத்தில் வேறு நிழலாகத் தெரியும்.

அதுவும் சரியாக இருந்தால் மிச்சம் பஞ்சுதான். மைக்ரோனேர் என்று ரிப்போர்ட்டில் ஓர் எண் இருக்கும். பஞ்சு இழை எவ்வளவு மெல்லியது, எவ்வளவு முதிர்ந்தது என்பதை இரண்டையும் கலந்து சொல்லும் எண் அது. ஒரு லாட் 3.8-இலும் இன்னொரு லாட் 4.3-இலும் நூற்றிருந்தால் கவுண்ட் ஒன்று, முறுக்கு ஒன்று, சாயம் மட்டும் வேறு மாதிரி ஏறும். கோன்களை இருட்டில் வைத்து யுவி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே லாட் என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒளிரும். ஒன்றிரண்டு மட்டும் நீலமாகவோ மஞ்சளாகவோ தனியாக நின்றால் லாட் கலந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையை கிரே கோனில் மட்டும் செய்யுங்கள். வெண்மையூட்டி போட்ட துணியில் எல்லாமே ஒளிரும்.

லாட் கலப்பது எப்போதும் மில்லில்தான் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நிட்டிங் கம்பெனி குடோனில் போன மாதத்து மீதிக் கோன் ஒன்று இந்த மாத மெஷினில் ஏறுவது சகஜம். சாயப்பட்டறையோடு வாதாடப் போகும் முன் குடோனை ஒரு நடை பார்த்து வருவது நல்லது.

கரும் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள்

நேவி, கறுப்பு, மெரூன் மாதிரி நிறங்களில்தான் இது மாட்டும். வெளிர் நிறத்தில் அதே நூல் ஓடினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். காரணம் இரண்டு வகை, இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் முதலில் புள்ளியை ஊசியால் நெம்பி எடுத்து லென்ஸில் பாருங்கள்.

மிக மெல்லிய இழைகள் பின்னிப் பிணைந்து சின்ன முடிச்சாக இருந்தால் அது நெப். முதிராத பஞ்சின் வேலை. காய் முழுதாக முற்றும் முன்பே செடி வாடினாலோ பூச்சி அடித்தாலோ இழையின் சுவர் தடிக்காமல் நின்றுவிடும். சுவரில் செல்லுலோஸ் போதாததால் சாயம் பிடிக்க அங்கே இடமில்லை. அந்த இழை தட்டையாக, விறைப்பில்லாமல் இருப்பதால் ஜின்னிங்கிலும் (விதை நீக்கும் இடம்) மில்லின் ப்ளோரூமிலும் (பஞ்சை அடித்துப் பிரிக்கும் இடம்) அடிபட்டுச் சுருண்டு முடிச்சாகும். மைக்ரோனேர் 3.5-க்குக் கீழே போன பஞ்சில் இந்தப் பயம் அதிகம். ஆனால் ரகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் மாதிரி மிக நீண்ட இழை ரகங்களில் இழையே இயல்பாக மெல்லியது. அங்கே எண் குறைவாக வந்தால் அது குறையல்ல, அதன் சிறப்பு. சங்கர்-6 என்னும் வழக்கமான ரகப் பஞ்சில் அதே எண் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நெப் என்று தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி: நூல் கார்டட்டா (கார்டிங் மட்டும் செய்தது), கோம்ப்டா (அதற்கு மேல் சீப்பால் வாரிக் குட்டை இழையை நீக்கியது)? கோம்ப்டு என்றால் நாயில் (வாரி நீக்கிய கழிவு) எத்தனை சதவீதம் எடுத்தார்கள்? கோம்பரில் குட்டை இழையோடு சேர்ந்து நெப்பும் வெளியேறும். 12 சதவீதம் எடுத்ததும் 18 சதவீதம் எடுத்ததும் விலைப்பட்டியலில் ஒரே ‘கோம்ப்டு’தான், துணியில் ஒன்றல்ல. ஏற்கெனவே துணியாகிவிட்டதென்றால் சாயப்பட்டறைக்காரரிடம் முதிராப் பஞ்சையும் ஓரளவு மூடும் சாயத்தைக் கேளுங்கள். மெர்சரைசிங்கும் உதவும். காஸ்டிக்கில் இழை உப்பி, சாயம் பிடிக்கும் தன்மை கூடும். இரண்டுமே ஒட்டுவேலைதான், கறுப்பு ஆர்டருக்கு நூல் வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டிய விஷயம் இது.

நெம்பி எடுத்தது முடிச்சாக இல்லாமல் பட்டையான, பளபளப்பான ஒரு நார் என்றால் அது சாக்கு. உரச்சாக்கு, தீவனச்சாக்கு இவற்றின் பாலிபுரொப்பிலின் இழை பஞ்சு பறிக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் கலந்துவிடும். தண்ணீரில் போட்டு அழுத்திவிடுங்கள், மேலே மிதந்து வரும். பருத்தி நனைந்ததும் மூழ்கும். தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டுபோனால் உருகி மணியாகச் சுருங்கும். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். இந்த நாருக்குச் சாயத்தில் வைத்தியமே கிடையாது, எந்தப் பருத்திச் சாயமும் அதில் ஏறாது. மில்லில் நிறமுள்ள குப்பையைப் பிடிக்கும் கருவி இந்த வெள்ளை நாரைச் சுலபமாகப் பிடிக்காது, அதற்கென்று தனி வசதி வேண்டும். பேல் (பஞ்சுப் பொதி) பிரிக்கும் இடத்தில் பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குவது இன்னும் பல மில்களில் தொடர்வது இதனால்தான்.

வெளிர் துணியில் பழுப்புப் புள்ளி என்றால் விதைத்தோல். பெராக்சைடு பிளீச்சில் பெருமளவு போய்விடும்.

துவைத்ததும் பக்கத் தையல் முன்னால் சுற்றி வருகிறது

பனியனைத் துவைத்துக் காயப்போட்டால் இடுப்புப் பக்கத் தையல் தொப்புளை நோக்கி நகர்ந்திருக்கும். நூலுக்குள் அடங்காமல் நிற்கும் முறுக்கு, தண்ணீரில் விடுதலை கிடைத்ததும் லூப்பைச் சாய்க்கிறது. ரிப், இன்டர்லாக் போன்ற இரட்டைப் பின்னல் துணிகளில் இரண்டு பக்கமும் லூப் இருப்பதால் இது அநேகமாக வராது. சிங்கிள் ஜெர்சியின் தலைவலி இது.

ஒரு மீட்டர் நூலைக் கோனிலிருந்து எடுத்து, இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, நடுவில் ஒரு சின்ன குண்டூசியைத் தொங்கவிட்டு, கைகளை மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நூல் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிரச்சினை இல்லாத பழைய லாட் கோன் ஒன்றிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். புதியது நிறையச் சுற்றினால் இரண்டில் ஒன்று: முறுக்கு அதிகம், அல்லது நூலை நீராவியில் வைத்து முறுக்கை அடக்கும் கண்டிஷனிங் செய்யவில்லை.

முறுக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கவுண்டின் வர்க்கமூலத்தை முறுக்குக் காரணியால் பெருக்கினால் அங்குலத்துக்கு எத்தனை திருப்பு என்று வரும். 30-இன் வர்க்கமூலம் 5.48. ஹொசைரி (பின்னல்) நூலுக்கு 3.5 வைத்தால் 19 திருப்பு. தறியின் பாவுக்கு (நீளவாக்கு நூல்) நூற்கும்போது 4.2 வைப்பார்கள், 23 திருப்பு. விலை ஏறும் காலத்தில் பாவு நூலை ‘கொஞ்சம் மலிவு’ என்று யாராவது பனியனுக்கு வாங்கிப் போட்டுவிடுவது உண்டு. துணி கோணும், விறைப்பாகவும் இருக்கும். அந்த இரண்டு குறையும் சேர்ந்தே வந்தால் வேறெங்கும் தேடவேண்டாம், முறுக்கை எண்ணுங்கள்.

அப்படியானால் முறுக்கை இன்னும் குறைத்துவிடலாமே என்றால் அதற்கு இழை நீளம் இடம் கொடுக்க வேண்டும். இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது முறுக்கின் அழுத்தத்தால். இழை நீளமாக இருந்தால் குறைந்த முறுக்கிலேயே பிடி கிடைத்துவிடும், குட்டையாக இருந்தால் கிடைக்காது. கோம்ப்டு நூலுக்கும் கம்பாக்ட் (இழைகளை நெருக்கிச் சேர்த்து நூற்ற) நூலுக்கும் கூடுதல் விலை கொடுப்பதில் இதுவும் ஒரு லாபம். துணி கையிலேயே இருக்கிறது என்றால் ஸ்டென்டரில் (துணியை விரித்துப் பிடித்துச் சூட்டில் காயவைக்கும் மெஷின்) கோணலை நிமிர்த்திக் கொடுப்பார்கள். அது வாங்கும் கடையில் நேராக இருக்கும், வீட்டில் முதல் துவைப்பில் பழைய இடத்துக்கே போய்விடும்.

மேகம் போட்டாற்போல் தடிப்பும் மெலிவும்

நூலைக் கறுப்பு அட்டையில் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். தடித்த இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளங்கள். 8.5 செ.மீ.க்கு ஒருமுறை தவறாமல் வந்தால் ஸ்பின்னிங் ஃப்ரேமின் முன் உருளையைச் சந்தேகப்படலாம். அதன் விட்டம் வழக்கமாக 27 மி.மீ., சுற்றளவு 85 மி.மீ. உருளையில் ஒரு குழியோ சாய்வோ இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நூலில் பதியும். அதே குறை அதற்கு முந்தைய கட்டமான சிம்ப்ளக்ஸ் மெஷினின் உருளையில் இருந்தால் ஸ்பின்னிங்கில் 30 மடங்கு இழுபட்டு, இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை வரும். அட்டையில் தெரியாது, துணியில் மட்டும் தெரியும். தூரம் சீராக இல்லாமல் 6, 9, 7 என்று ஏறி இறங்கினால் உருளையில் ஒன்றுமில்லை. குட்டை இழைகள் இழுப்பில் கட்டுக்கு அடங்காமல் கூட்டமாகப் போயிருக்கின்றன.

இன்னொன்று, எந்த மில்லாலும் மாற்ற முடியாத எல்லை. 30-ஆம் கவுண்ட் நூலின் குறுக்குவெட்டில் 4.0 மைக்ரோனேர் பஞ்சு என்றால் சராசரியாக 125 இழைகள் இருக்கும். 4.8 பஞ்சு என்றால் 104 மட்டுமே. இழை எண்ணிக்கை குறையக் குறைய நூல் கட்டாயம் ஏற்ற இறக்கமாகும், ஒரு இடத்தில் பத்து இழை கூடினாலோ குறைந்தாலோ உடனே தெரியும். அதே 4.8 பஞ்சில் 60-ஆம் கவுண்ட் கேட்டால் 52 இழைதான் கிடைக்கும். அந்த நூல் சீராக வராததற்கு மெஷினைத் திட்டிப் பயனில்லை.

ஓட்டை விழுகிறது, நூல் அடிக்கடி அறுகிறது

அறுந்த நுனியை லென்ஸில் பாருங்கள். துடைப்பம்போல் இழைகள் நீண்டு விரிந்திருந்தால் இழைகள் வழுக்கி விலகியிருக்கின்றன: முறுக்கு போதவில்லை, அல்லது குட்டை இழை அதிகம், அல்லது மெலிந்த இடம். நறுக்கென்று வெட்டியதுபோல் இருந்தால் நூலை விட்டுவிட்டு ஊசியையும் நூல் போகும் கண்ணையும் பாருங்கள், எங்கோ கூர்மை இருக்கிறது.

நுனி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் டென்ஷன் ஏறுகிறது என்றால் மெழுகு. ஹொசைரி நூலுக்குக் கோன் சுற்றும்போது மெழுகு தடவுவார்கள், உராய்வு ஏறக்குறைய பாதியாகக் குறையும். மெழுகு கட்டி சுழலாமல் நின்றுபோன டிரம்மில் சுற்றிய கோன் மட்டும் தொல்லை கொடுக்கும். மெழுகு அதிகமானாலும் உராய்வு திரும்ப ஏறும், ஊசியில் வெள்ளைப் பொடியாகச் சேரும். பலர் கவனிக்காத இடம் ஒன்று: கண்டிஷனிங் செய்யும் நீராவிச் சூடு மெழுகு உருகும் சூட்டைத் தாண்டினால் மெழுகு நூலுக்குள் ஊறிப்போய்விடும். மேலே ஒன்றுமிருக்காது. துணி கோணாமலிருக்கக் கண்டிஷனிங் கேட்டு, அதிலேயே ஓட்டையை வாங்கிக்கொள்வது இப்படித்தான்.

மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நூலுக்கு வேறு கணக்கு. பருத்தி நனைந்தால் வலுக் கூடும், விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். நிட்டிங்கில் ஓட்டையே இல்லாத விஸ்கோஸ் துணி சாயத்தில் ஓட்டையாக வந்தால் ஈரத்தில் இழுத்த இழுப்பைத்தான் விசாரிக்க வேண்டும்.

உருண்டை கட்டுகிறது

பருத்தித் துணியிலும் உருண்டை வரும், தேய்ந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்த நூலில் வந்தால் உதிராது, அந்த இழை அவ்வளவு வலுவானது, உருண்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வலுவான நூல் என்று பெருமைப்பட்ட அதே குணம் இங்கே வினை. கலப்பு நூல் வாங்கும்போதே வலுக் குறைந்த, பில்லிங் குறைவான பாலியஸ்டர் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முழுப் பருத்தி என்றால் நூலின் முடியை, அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனிகளைப் பாருங்கள். வழக்கமான ரிங் நூலைவிடக் கம்பாக்ட்டில் முடி குறைவு, காற்றால் முறுக்கும் வோர்டெக்ஸில் இன்னும் குறைவு. கோன் சுற்றும் வேகத்திலும் முடி எழும்பும் என்பதால் கோன் சுற்றும் முன் காப்ஸில் (ஸ்பின்னிங் ஃப்ரேமிலிருந்து இறங்கும் சிறு சுருணை) பார்த்த நூலும் கோனில் பார்க்கும் நூலும் ஒன்றல்ல. கையில் இருக்கும் துணிக்கு பயோபாலிஷ் செய்யலாம். என்சைம் முடியைத் தின்னும், நேரம் கூடினால் நூலையும் தின்னும். பர்ஸ்டிங் வலுவை (துணி கிழியாமல் தாங்கும் அழுத்தம்) முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கைக்குச் சொரசொரப்பு

முறுக்கு, தடித்த பஞ்சு, ஓஇ (ஓப்பன் எண்ட் முறையில் நூற்ற) நூல். இந்த வரிசையில் பாருங்கள். ஓஇ நூலில் வெளியே சில இழைகள் நூலைக் குறுக்கே இறுகச் சுற்றியிருக்கும், லென்ஸில் தெளிவாகத் தெரியும். அவைதான் கையில் உறுத்துபவை. சாஃப்ட்னர் போட்டால் கொஞ்ச நாள் மறையும். திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்து மறுபடி நூற்கும் ஓஇ நூலில் இழை குட்டை என்பதால் முறுக்கும் கூடுதலாகவே இருக்கும். அதை உள்பனியனுக்குப் போட்டுவிட்டு மென்மை கேட்கக் கூடாது.

ஐம்பது கிலோ பை, எடை குறைகிறது

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வைத்திருக்கும் இழை. வணிகக் கணக்கில் 100 கிலோ முழுக்கக் காய்ந்த நூலுக்கு 8.5 கிலோ ஈரம் சேர்த்துக்கொள்வது நடைமுறை. பாலியஸ்டருக்கு இது 0.4 மட்டும். ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை குடோனில் திறந்து வைத்த பருத்தி நூல் 6 சதவீத ஈரத்துக்கு இறங்கிவிட்டால் 50 கிலோ பையில் ஒரு கிலோவுக்கு மேல் காணாமல் போகும். யாரும் திருடவில்லை. கவுண்ட் சோதித்தாலும் 30 என்று வாங்கியது 30.7 என்று காட்டும், அதே காரணத்துக்காக. எடையையும் கவுண்டையும் பை வந்து இறங்கிய அன்றே, பாலிதீன் உறை பிரித்த உடனே பாருங்கள். தாமதமாகிவிட்டால் மாதிரிக் கோன்களை ஈரப்பதம் 65 சதவீதமாகக் காக்கும் லேபில் ஒரு நாள் வைத்து, அதற்குப் பிறகு எடை போட்டு மில்லுக்கு எழுதுங்கள்.